துரைமார் கொண்டுவந்த கிதார், உழைப்பாளிகள் பாடிய பாட்டு



இந்த வாரம் உங்களைக் கொஞ்சம் தூரமாக அழைத்துப் போகிறேன். பக்கத்து டவுனுக்கு இல்லை. பூமி உருண்டையின் அந்தப் பக்கத்துக்கு! நாம் இங்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துப் பாய் விரிக்கிற நேரத்தில், அங்கே சனங்கள் காலையில் எழுந்து பசியாறிக்கொண்டு இருப்பார்கள். தென் அமெரிக்கா என்பது அந்தக் கண்டத்தின் பெயர்.

"அந்த ஊருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பெரியவர் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு ஐயா. இருட்டோடு எழுந்து கத்தியும் வாளியுமாகப் போய் நின்றோமே, அந்தப் பால் மரம் அந்தக் கண்டத்துக் காட்டு மரம். 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் அக்கா செய்கிற உருளைக்கிழங்குப் பிரட்டல் இருக்கிறதே, அந்தக் கிழங்கும் அந்தக் கண்டத்து மலைகளில்தான் முதன்முதலில் பயிரானது.

மரம் வந்தது, கிழங்கு வந்தது. ஆனால் அந்த மலைச் சனங்களின் பாட்டு நம்மிடம் அவ்வளவாக வந்து சேரவில்லை. உலகமெல்லாம் சுற்றிவந்த ஒரு பாட்டும், உண்டாக்கியவர் பெயர் இல்லாமலே சுற்றியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பாட்டுக்கு 'வைனோ' என்று பெயர். பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் ஆண்டீஸ் மலைகளில் வாழும் கெச்சுவா, ஐமாரா மக்களின் பாட்டு அது, ஆட்டமும் அதுவே. அறுவடைக்கும் வைனோ, கலியாணத்துக்கும் வைனோ, ஊரை விட்டுப் பிழைக்கப் போகிறவனை வழியனுப்பவும் வைனோ. சுரங்கத்திலும் பண்ணையிலும் பரம்பரை பரம்பரையாக உடம்பு தேய்ந்த சனங்கள், தங்கள் மொழியையும் மானத்தையும் காப்பாற்றி வைத்த பெட்டி என்று அதைச் சொல்லலாம். அதனால்தான் இந்தப் பகுதியில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தந்தி இல்லாத நாடு

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் அந்த மலைகளில் வீணை மாதிரியோ கிதார் மாதிரியோ தந்தி கட்டிய வாத்தியம் இல்லை என்றே ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தவை குழல், பறை, சங்கு. குழல் என்றால் நேற்று முந்தாநாள் குழல் இல்லை. பெரு நாட்டில் காரல் என்ற மிகப் பழைய நகரத்தைத் தோண்டிப் பார்த்தபோது பறவை எலும்பில் செய்த 32 குழல்கள் கிடைத்தன. நாலாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட நகரம் அது.

அந்த நாட்டுக் குழல்களில் 'கேனா' என்பது ஒன்று. நாணலிலோ மூங்கிலிலோ செய்து, நேராகப் பிடித்து ஊதுவது. இன்னொன்று 'சிக்கு'. சின்னதும் பெரியதுமாகப் பல நாணல் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. இந்தச் சிக்குவில் ஒரு அதிசயம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு வேண்டிய சுரங்கள் எல்லாம் ஒரே சிக்குவில் இருக்காது. பாதி சுரம் ஒருத்தர் கையில், மீதி சுரம் இன்னொருத்தர் கையில். இவர் ஒரு சுரம் ஊதி விட, அவர் அடுத்ததை ஊத, மாறி மாறித்தான் பாட்டு உருவாகும். முன்னே போகிற குழலுக்கு 'இரா' என்றும் பின்னே வருகிற குழலுக்கு 'ஆர்க்கா' என்றும் பெயர். தனி ஆளாக நின்று "நான்தான் வித்துவான்" என்று மார் தட்ட அங்கே வழியில்லை. இருவர் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. டிட்டிகாக்கா ஏரிக்கரையில், கடல் மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில், இன்றைக்கும் ஊர் ஊராகக் கூட்டமாக நின்று இப்படித்தான் ஊதுகிறார்கள்.

1532-இல் ஸ்பெயின் நாட்டுப் படை பெருவுக்குள் நுழைந்தது. இன்கா மன்னரைப் பிடித்துப் பொன்னை வாங்கிக்கொண்டு கொன்றார்கள். படை போன பாதையில் பாதிரிமார்கள் வந்தார்கள், நிலம் பிடிப்பவர்கள் வந்தார்கள். அவர்களோடு கிதாரின் மூதாதையான வாத்தியங்களும், வயலினும், யாழ் போன்ற ஹார்ப்பும் கப்பலில் வந்து இறங்கின. கோயில் பூசைக்கு வாசிப்பதற்காக மலைச் சனங்களுக்குப் பாதிரிமார் அவற்றைப் பழக்கினார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள் எசமான் பாட்டை வாசிப்பதோடு நிற்கவில்லை. அந்தத் தந்திகளில் தங்கள் ஊர் மெட்டைப் பேச வைத்தார்கள். ஹார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மாளிகைக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் அது. ஆண்டீஸ் மலைக்காரர் அதற்குப் பெரிய வயிறு வைத்தார். திருவிழா ஊர்வலத்தில் தலைகீழாகத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துகொண்டே வாசித்தார். துரை வீட்டு வாத்தியம் தெருவுக்கு வந்துவிட்டது!

வெள்ளி மலையும் சின்னக் கிதாரும்

இன்றைய பொலிவியாவில் பொத்தோசி என்ற ஊர் இருக்கிறது. 1545-இல் அங்கே ஒரு மலை முழுக்க வெள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளியைத் தோண்ட ஆள் வேண்டுமே? 1570-களில் ஸ்பானிய அரசப் பிரதிநிதி ஒரு சட்டம் போட்டார். சுற்றியுள்ள மாவட்டங்களில் ஏழு ஆண்களில் ஒருவர் முறை போட்டு வந்து சுரங்கத்தில் இறங்க வேண்டும். அதற்கு 'மித்தா' என்று பெயர். வருடத்துக்குப் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் அப்படி அழைக்கப்பட்டார்கள். பெண்டு பிள்ளைகளோடு, லாமா மிருகத்தின் முதுகில் மூட்டை ஏற்றி, நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடந்து போனார்கள். திரும்பி வராதவர்கள் பலர். சட்டப்படி இது ஒழிந்தது 1812-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய இருநூற்று நாற்பது வருடம்!

'சராங்கோ' என்கிற சின்ன வாத்தியத்துக்குப் பிறந்த வீடு இந்தப் பொத்தோசிப் பக்கம் என்றே பலரும் சொல்கிறார்கள். கைக்குழந்தை அளவு கிதார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாக ஐந்து ஜோடி, ஆக மொத்தம் பத்துத் தந்தி. முன்காலத்தில் அதன் முதுகுக்கு ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்த சிறு விலங்கின் ஓட்டைப் பயன்படுத்தினார்கள். எறும்புத்தின்னி போல உடம்பெல்லாம் கவசம் உள்ள பிராணி அது. இப்போது அந்த விலங்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலும் மரத்தில் குடைந்து செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். எசமான் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று தடை இருந்ததாம். அதனால் போர்வைக்குள் மறைக்கிற மாதிரி செய்துகொண்டார்களாம். கதை நிஜமோ பொய்யோ, அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் விசேஷம்.

பாட்டு எப்படி இருக்கும்?

வைனோவின் தாளம் இரண்டு எண்ணிக்கை. ஒரு நீளம், இரண்டு குட்டை: "தாம் தக, தாம் தக, தாம் தக" என்று ஓடும். பழைய மெட்டுகள் பெரும்பாலும் ஐந்தே சுரத்தில் அமைந்தவை. நம் சங்கீதத்தில் மோகனம் போல ஐந்து சுர ராகங்கள் இல்லையா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கிற காதுக்குச் சோகம் போல இருக்கும். கால் மட்டும் சும்மா இருக்காது. கடைசியில் வேகம் பிடித்து, ஆணும் பெண்ணும் தரையை உதைத்து ஆடுவார்கள். அழுதுகொண்டே ஆடுகிற ஆட்டம் என்று சொன்னாலும் தப்பில்லை.

வரிகள் சின்னச் சின்னதாக இரண்டிரண்டாக வரும். கெச்சுவாவில் ஒரு வரி, ஸ்பானிய மொழியில் அடுத்த வரி என்று கலந்தும் பாடுவார்கள். ஆறு, புறா, பூ, மலைமேகம், தாயில்லாப் பிள்ளை, பிழைக்கப் போனவன் திரும்பாத துக்கம், இவைதான் பொருள். காதலியைப் பற்றிப் பாடுகிற மாதிரி இருக்கும். கூர்ந்து கேட்டால் உள்ளே வேறு வலி இருக்கும்.

சங்குக்கும் தடை!

1780-இல் துப்பாக் அமாரு என்ற கெச்சுவா மொழி பேசிய தலைவர், கட்டாய வேலையையும் வரிக் கொடுமையையும் எதிர்த்துக் கலகம் செய்தார். கலகம் அடக்கப்பட்டது. 1781 மே மாதம் 18-ஆம் தேதி கூஸ்கோ நகரத்துச் சதுக்கத்தில் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். மனைவியையும் மூத்த மகனையும்கூட விடவில்லை.

அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்த இன்னொரு விஷயத்தைக் கேளுங்கள். பழைய மன்னர்களை நினைவூட்டும் உடுப்பு கூடாது. அவர்களைப் பற்றிய நாடகம் கூடாது. 'புத்துத்து' என்று மலைச் சனங்கள் ஊதும் கடல் சங்கு கூடாது. எல்லாரும் ஸ்பானிய மொழிக்கு மாற வேண்டும். ஆளைக் கொன்றது போதாது, சங்கையும் பேச்சையும் கொல்ல வேண்டும் என்று அதிகாரம் நினைத்தது. பாட்டு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று பாடினவனை விட அடக்கினவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

1821-இல் பெரு சுதந்திர நாடு என்று அறிவித்தார்கள். கொடி மாறியது, பண்ணை மாறவில்லை. மலைப்பகுதிகளில் பெரிய பண்ணைகள் ஏழைகளின் நிலத்தை விழுங்கிக்கொண்டே போயின. துண்டு நிலத்தில் பயிர் செய்துகொள்ள அனுமதி; அதற்குப் பதிலாகப் பண்ணையாருக்குச் சம்பளம் இல்லாத வேலை. முறை வரும்போது பண்ணை வீட்டில் வாசல் கூட்டி, தண்ணீர் சுமந்து, வாசற்படியில் படுத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தவரை 'போங்கோ' என்று அழைத்தார்கள். இந்த நிலைமை இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் நடந்தது.

சமையற்கட்டில் வளர்ந்த பையன்

இந்தப் பாட்டுக்காக வாதாடிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஹோசே மரியா ஆர்கெதாஸ். 1911-இல் ஆண்டாவைலாஸ் என்ற மலை ஊரில் பிறந்தவர். தகப்பனார் சட்டம் படித்தவர். வெள்ளைத் தோல் குடும்பம். பையன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாயார் இறந்துபோனார். மாற்றாந்தாய் அவனை வேலைக்காரர்களோடு சமையற்கட்டில் படுக்கச் சொல்லித் தள்ளிவிட்டாள். அவள் தண்டனையாக நினைத்தாள். பையனுக்கு அதுவே சொர்க்கமாகிப் போனது. கெச்சுவா வேலைக்காரர்கள் அவனைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழி அவன் மொழியானது. அவர்கள் பாட்டு அவன் தாலாட்டானது.

அந்தப் பையன் வளர்ந்து பெரு நாட்டின் பெரிய எழுத்தாளர் ஆனார். 1938-இல் கெச்சுவாப் பாடல்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார். "மலைக்காரனுக்கு என்ன பாட்டு வேண்டிக் கிடக்கிறது?" என்று தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் மூக்கைச் சுளித்த காலம் அது. பிறகு அரசாங்கத்தில் நாட்டார் கலைப் பிரிவில் வேலை பார்த்தபோது ஊர் ஊராகப் பாடகர்களைப் பதிவு செய்தார். 1940-களின் பிற்பகுதியில் வைனோவை இசைத்தட்டில் போடலாம் என்று ஓடியன் கம்பெனிக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னதிலும் அவருக்குப் பங்குண்டு. இசைத்தட்டு வந்தது. நன்றாக விற்றது.

1969 டிசம்பரில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டு இறந்தார். மனம் நொந்த நிலையிலும் ஒரு காரியம் செய்திருந்தார். தம் சவ அடக்கத்தில் மலைப் பாட்டு வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். மாக்சிமோ தாமியான் வயலின் எடுத்துக்கொண்டு வந்தார். ஹைமே குவார்தியா சராங்கோ எடுத்துக்கொண்டு வந்தார். சமையற்கட்டில் கேட்ட பாட்டோடுதான் அவரை மண்ணுக்கு அனுப்பினார்கள்.

விடியற்கால ரேடியோ

இதற்கிடையில் மலைச் சனங்கள் பிழைப்புத் தேடி லீமா தலைநகரத்துக்கு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். 1940-இல் ஆறரை லட்சம் பேர் இருந்த லீமா, 1981-இல் நாற்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்கள் நகரத்து ஓரத்து மணல்மேட்டில் ஓலைத் தட்டி வைத்துக் குடிசை போட்டார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் போனார்கள்.

"செர்ரானோ!" என்று கூப்பிடுவான் பட்டணத்துக்காரன். மலைக்காரன் என்று அர்த்தம். ஆனால் சொல்கிற தொனியில் காறித் துப்புகிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் கெச்சுவா பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பிள்ளைகளிடம் சொந்த மொழியில் பேசுவதையே பல தாய்மார் விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதை வேறு. 'கொலிசேயோ' என்று சர்க்கஸ் கூடாரம் போன்ற அரங்குகள் இருந்தன. வாரம் பூராவும் தலை குனிந்து நடந்தவர்கள், அங்கே ஊர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வைனோ கேட்கப் போனார்கள். நம் ஊர்க்காரர் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். வேலைத் தகவல் கிடைத்தது, கடிதம் கைமாறியது, கலியாணப் பேச்சும் நடந்தது.

ரேடியோவும் கை கொடுத்தது. பகல் நேரம் பணக்காரர்களுக்கு. விலை மலிவான நேரம் எது? விடியற்காலை! பெரிய மனிதர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை மலைப் பாட்டு நிகழ்ச்சிக்காரர்கள் வாங்கினார்கள். அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்? அடுப்பு மூட்டுகிற வேலைக்காரப் பெண், மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போகிறவர், கட்டட வேலைக்கு முதல் பஸ் பிடிக்கிறவர். பெரட்டுக்கு எழுந்து பழகின நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பாட்டுக்கு நடுவில் பிறந்தநாள் வாழ்த்து, ஊர்த் திருவிழா அறிவிப்பு, சாவுச் செய்தி எல்லாம் வரும். எசமான் எழுந்திருப்பதற்குள் ஒரு நாடே பேசி முடித்துவிடும்.

தேன்சிட்டின் கடைசிப் பயணம்

வைனோப் பாடகர்கள் தங்களுக்குப் பறவை, பூ என்று பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். 'ஆண்டீஸ் மலைத் தேன்சிட்டு' என்று ஒருவர். விக்தோர் அல்பெர்த்தோ ஹில் என்பது அவர் சொந்தப் பெயர். 'புக்காராப் பூ' என்ற பெயரில் ஓர் அம்மையார்; லியோனோர் சாவேஸ் என்பது அவர் பெயர்.

தேன்சிட்டு சுரங்கத் தொழிலாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகர். அவர் பாடிய மந்தாரோ பள்ளத்தாக்குப் பக்கத்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்கத்துக்கும், லா ஒரோயா என்ற உலோகம் உருக்கும் ஊருக்கும் வேலைக்குப் போனவர்கள். சுரங்கச் சம்பளம் ஊர்த் திருவிழாவுக்கும் வந்தது. கிளாரினெட்டும், 1940-களில் சாக்ஸபோனும் வைனோக் குழுவில் சேர்ந்தன. "இது பழைய முறை இல்லையே" என்று சில படித்தவர்கள் முணுமுணுத்தார்கள். சனங்கள் கவலைப்படவில்லை. முன்பு கிதாரை எடுத்தோம், இப்போது சாக்ஸபோனை எடுக்கிறோம், இரண்டும் நம் பாட்டைத்தானே பாடுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

1975 ஜூலையில் அந்த லா ஒரோயாவிலேயே தேன்சிட்டு இறந்துபோனார். உடலை லீமாவுக்குக் கொண்டுவந்தபோது தெரு கொள்ளாத கூட்டம். 1987-இல் புக்காராப் பூ மறைந்தபோதும் அப்படியே. இந்த நகரத்தில் இத்தனை மலைக்காரர்களா என்று பட்டணத்துக்காரர்கள் திகைத்துப் போனார்கள். தினம் அவர்கள் வீட்டைக் கூட்டியவர்களும், கட்டடத்தைக் கட்டியவர்களும்தான் தெருவுக்கு வந்திருந்தார்கள். எர்னெஸ்தோ சாஞ்செஸ் என்ற இன்னொரு பாடகரை 1978-இல் அரசியல் சட்டம் எழுதும் சபைக்கே ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

காண்டோர் பறந்த கதை

முதலில் சொன்னேனே, உண்டாக்கியவர் பெயர் இல்லாமல் சுற்றிய பாட்டு என்று, அதற்கு வருவோம். 1970-இல் சைமன், கார்ஃபங்கல் என்ற இரண்டு அமெரிக்கப் பாடகர்கள் ஓர் இசைத்தட்டில் பாடிய 'எல் காண்டோர் பாசா' உலகமெங்கும் ஒலித்தது. கேனாக் குழலும் சராங்கோவும் சேர்ந்து வருகிற மெட்டு. நம்மில் பலரும் கேட்டிருப்போம். பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். காண்டோர் என்பது ஆண்டீஸ் மலையின் மிகப் பெரிய கழுகு. அது பறந்து போகிறது என்று பாட்டின் தலைப்புக்கு அர்த்தம்.

மெட்டை ஒரு குழுவினரிடம் கேட்டு எடுத்த சைமன், அது பழைய நாட்டுப்பாட்டு என்று சொல்லப்பட்டதை நம்பிவிட்டார். பாட்டுக்கு ஆங்கிலத்தில் புது வரிகளும் எழுதினார். அது யார் பெயரும் இல்லாத நாட்டுப்பாட்டு அல்ல. டேனியல் அலோமியா ரோப்ளெஸ் என்ற பெரு நாட்டவர் இசையமைத்தது. மலை ஊர்களில் அலைந்து திரிந்து மெட்டுகளைச் சேகரித்தவர் அவர். அந்த ஊறல் எல்லாம் அவருடைய இசையில் இறங்கியிருக்கிறது. மெதுவாகத் துக்கம் சொல்லித் தொடங்கி, முடிவில் வைனோ போலத் துள்ளும்.

எதற்காக அதை உண்டாக்கினார் தெரியுமா? ஒரு நாடகத்துக்காக. 1913 டிசம்பர் 19-ஆம் தேதி லீமாவில் அரங்கேறிய நாடகம். எழுதியவர் ஹூலியோ போதுவின். கதை என்ன? மலைச் சுரங்கத்தில் வேலை செய்கிற தொழிலாளர்களை அந்நிய முதலாளி வதைக்கிறான். பொறுக்க முடியாமல் அவர்கள் எதிர்த்து எழுகிறார்கள். முடிவில் மலைக்கு மேலே ஒரு காண்டோர் பறக்கிறது. அதைப் பார்த்துத் தங்களுக்கும் விடுதலை வரும் என்று நம்பிக்கை கொள்கிறார்கள். அப்போது செர்ரோ தே பாஸ்கோ சுரங்கங்கள் அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்த காலம். பார்க்க வந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று புரியாமலா இருந்திருக்கும்?

ஆக, சுரங்கத் தொழிலாளியின் கோபத்தில் பிறந்த மெட்டு, ஊர் பேர் இல்லாத இனிய கீதமாக உலகத்தைச் சுற்றியது. ரோப்ளெஸின் மகன் வழக்குப் போட்டார். தகப்பனார் 1933-இலேயே அமெரிக்காவில் உரிமை பதிந்திருந்தார். சண்டை சச்சரவு இல்லாமல் வழக்கு முடிந்தது. பாட்டில் ரோப்ளெஸின் பெயர் ஏறியது. 2004-இல் பெரு அரசாங்கம் அந்தப் பாட்டை நாட்டின் கலாசாரச் சொத்து என்று அறிவித்தது. ரோப்ளெஸாவது படித்தவர், பதிந்து வைத்தார். ஆடு மேய்த்துக்கொண்டும் கிழங்கு தோண்டிக்கொண்டும் மெட்டுப் போட்டவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

மஞ்சள் பூவின் துக்கம்

இன்னும் ஒரு பாட்டைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1969-இல் பெருவில் ஒரு சட்டம் வந்தது. பரீட்சையில் தவறிய பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் தொடர்ந்து படிக்கக் கட்டணம் கட்ட வேண்டும் என்றது சட்டம். ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? ஆயாகுச்சோ மாநிலத்தில் வாந்தா என்ற ஊரில், அந்த ஜூன் மாதம், மாணவர்களும் தாய் தகப்பன்மாரும் விவசாயிகளும் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. பலர் செத்து விழுந்தார்கள்.

ரிக்கார்தோ தொலோரியர் என்ற ஆசிரியர் அதை வைனோவாக எழுதினார். 'ரெத்தாமா' என்ற மஞ்சள் பூவின் பெயரில் அமைந்த அந்தப் பாட்டு இன்றுவரை ஊர்வலங்களில் பாடப்படுகிறது. இலவசக் கல்விச் சலுகையை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது. அதே ஜூன் 24-ஆம் தேதி பண்ணை நிலங்களைப் பிரித்துக் கொடுக்கும் சட்டத்தையும் அறிவித்தது. 1975-இல் கெச்சுவா மொழிக்கு ஆட்சி மொழித் தகுதி கிடைத்தது.

அதோடு நல்ல காலம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான்; உண்மை அப்படி இல்லை. 1980 முதல் 2000 வரை தீவிரவாதிகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவே மலைச் சனங்கள் மாட்டிக்கொண்டார்கள். 2003-இல் வந்த உண்மை அறியும் குழுவின் அறிக்கை, இறந்தும் காணாமலும் போனவர்கள் ஏறக்குறைய 69,000 பேர் என்று கணக்கிட்டது. அவர்களில் நாலில் மூன்று பேர் கெச்சுவா முதலிய பூர்வீக மொழிகளைப் பேசியவர்கள். அந்த நாட்களிலும் செத்தவர்களுக்காக வைனோ பாடினார்கள். பத்திரிகையில் வராத பெயர்கள் பாட்டில் வந்தன.

லீமாவில் பிறந்த பிள்ளைகள் வைனோவோடு எலெக்ட்ரிக் கிதாரைச் சேர்த்து 'சிச்சா' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். 1981-இல் தொடங்கிய லோஸ் ஷாப்பிஸ் குழு அதில் பேர் வாங்கியது. 2015-இல் ஆயாகுச்சோவைச் சேர்ந்த ரெனாத்தா ஃப்ளோரெஸ் என்ற பதினாலு வயதுப் பெண், மைக்கேல் ஜாக்சன் பாட்டு ஒன்றைக் கெச்சுவாவில் பாடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தாள். பாட்டிமார் பேசிய மொழியில் பேத்தி மேடை ஏறினாள்! 2017-ஆம் வருடக் கணக்குப்படி பெருவில் சுமார் 38 லட்சம் பேர் கெச்சுவாவே எங்கள் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள். 1781-இல் தடை போட்டவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

தோழர்களே, எசமானுக்குச் சுரங்கமும் நிலமும் சேர்ந்தன. ஆனால் அவன் கொண்டுவந்த கிதாரையே எடுத்துத் தங்கள் பாட்டைப் பாடிவிட்டார்கள் அந்த உழைப்பாளிகள். வாத்தியம் அவனுடையது, குரல் இவர்களுடையது. காலம் கடந்து நிற்பது குரல்தான்.

உங்கள் வீட்டில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். கீழே அவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் முக்கியம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.